விரைவும் வரம்பும்

விரைவு நன்றா, தீதா என்னும் வினா இன்று புதிதாகத் தோன்றியதன்று. சங்கப் பாடல்களில் வினை முடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு தன் பாகனை வேண்டுகிறான். அங்கே விரைவு அன்பின் மறுபெயராக நிற்கிறது. திருவாரூர் வீதியில் சோழ இளவரசனின் தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று அகப்பட்டு மடிந்தபோதோ, அதே தேர் ஓர் அரசகுலத்தையே கலங்க வைத்த பழிப்பொருளாயிற்று. தேர் என்னும் பொருளில் வேறுபாடு இல்லை. அது ஓடிய இடத்திலும், அவ்விடத்தில் உடன் இருந்த உயிர்களின் நிலையிலுமே வேறுபாடு இருந்தது.

குதிரை பூட்டிய தேருக்கு உரிய இவ்வினா, இயந்திரம் பூட்டிய காருக்கும் உரியதே. பெட்டாலிங் ஜெயாவில் வாழும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் தன் சேமிப்பைக் கொண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குகிறான். வீட்டு முன்றிலையே பட்டறையாக்கி, வார இறுதிகளில் அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மாற்றி, மீண்டும் பூட்டுகிறான். பிறகு ஒரு நாள் சிப்பாங் பந்தயத் தளத்திற்குச் சென்று, அதனை அதன் எல்லைவரை ஓட்டிப் பார்க்கிறான். பெற்றோர் சிலர் இதனை ஊதாரித்தனம் என்பர். அயலார் சிலர் தொல்லை என்பர். நண்பர் சிலர் வீரம் என்பர். இம்மூன்றில் எது உண்மை? இச்செயலுக்கு அறத்தின் முன் என்ன இடம்? இதனை ஆராய்வது ஓர் இளைஞனின் பொழுதுபோக்கை மட்டும் ஆராய்வதாகாது. ஆற்றல் கைக்கு வந்தவன் அதனை எங்ஙனம் கையாள வேண்டும் என்னும் பொதுவினாவை ஆராய்வதாகும்.

ஊரும் தொழிலும்

பெட்டாலிங் ஜெயா முன்னாளில் இரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். கோலாலம்பூரின் மக்கள் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு, 1950-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், எஃபிங்ஹாம் தோட்டத்தின் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தில் இத்துணைநகர் உருவாக்கப்பட்டது. பால்மரங்கள் நின்ற இடத்தில் வரிசை வீடுகள் எழுந்தன; வைகறையில் பால்மரம் சீவச் சென்றோர் நடந்த தடங்களின்மேல் தார்ச்சாலைகள் அமைந்தன. 2006-இல் அந்நகர் மாநகரத் தகுதியும் பெற்றது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலை அதன் ஊடே செல்கிறது.

அந்நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் பத்து தீகாவும் ஷா ஆலாமும் வரும். மலேசியாவின் கார்த் தொழில் வேரூன்றிய இடங்களுள் அவை முதன்மையானவை. 1983-இல் தொடங்கப்பெற்ற புரோட்டோன் நிறுவனம், 1985-இல் நாட்டின் முதல் காராகிய சாகாவை ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்தே வெளிக்கொணர்ந்தது. அதற்கு முன்பே, 1968 முதல், பத்து தீகாவில் ஒரு பந்தயத் தளம் இருந்தது. பல ஆண்டுகள் மலேசியப் பந்தயங்களின் மையமாக விளங்கிய அத்தளம், 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மூடப்பட்டுக் குடியிருப்பு நிலமாயிற்று. 1999-இல் திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலகத் தளம் அதன் இடத்தைப் பெற்றது. 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட அத்தளத்தில் 1999 முதல் 2017 வரை பார்முலா 1 போட்டிகள் நடைபெற்றன. ஆகவே, பெட்டாலிங் ஜெயா இளைஞனுக்குக் கார் தொலைதூர நாட்டின் கனவன்று. அவன் வீட்டுக்கு அருகிலேயே பிறந்து ஓடும் பொருள்.

உலகப் போட்டிகள் இல்லாத நாள்களில், கட்டணம் செலுத்துவோர் தம் சொந்தக் கார்களை ஓட்டிப் பார்க்கவும் பந்தயத் தளங்கள் திறந்துவிடப்படுவதுண்டு. அந்நாளில் பரிசு இல்லை; வெற்றி மேடை இல்லை. ஒருவன் தன் சென்ற சுற்றின் நேரத்தோடு இந்தச் சுற்றின் நேரத்தை ஒப்பிட்டுக்கொள்வதே அங்கு முறை. பிறரை வெல்லும் ஆசையைவிடத் தன்னை அளந்தறியும் ஆசையே அங்கு மேலோங்குகிறது.

கைத்திறனின் மதிப்பு

இம்முயற்சியில் பாராட்டத்தக்க கூறு ஒன்று உண்டு. அதனை முதலில் கூறுவதே நடுவுநிலை. எழுதுகோல் பிடிக்கும் கையைப் போற்றி, திருகுச்சாவி பிடிக்கும் கையைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் தமிழர் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. எண்ணெய்க் கறை படிந்த விரலுக்குப் பின்னாலும் ஓர் அறிவு இருக்கிறது என்பது எளிதில் ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. ஆனால், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுபவன் கண்ணால் காண்பதைக் கருத்தால் ஆராய்கிறான். காரணத்தையும் விளைவையும் கையால் தொட்டு அறிகிறான். பொய் சொல்லிப் பயனில்லை என்பதைக் கற்கிறான். தேர்வுத்தாளில் பிழையை மறைக்கலாம். சரியாக முடுக்காத திருகை மறைக்க இயலாது. அது ஓடும்போது தன்னை வெளிப்படுத்திவிடும்.

கோவை ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை இதற்குச் சான்று. இளமையில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், உழைத்துப் பொருள் சேர்த்து அதனையே விலைக்கு வாங்கினார், அக்கக்காகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பின்னாளில் அவரை அறிவியல் மேதை என்று உலகம் போற்றியதற்கு வித்து அங்கே விழுந்தது. அதே கோவையில் தோன்றிய எஸ். கரிவர்தன், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவர் 1995-இல் வான்விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய கார்களில் தொடக்கப் பயிற்சி பெற்ற கோவை இளைஞராகிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா 1 போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். அவ்வாண்டு மார்ச் 20-ஆம் நாள் சிப்பாங் தளத்தில் 11-ஆம் இடத்தில் முடித்தார்.

மேலை நாட்டிலும் சான்று உண்டு. 1948-இல் இலண்டன் நகரில் காலின் சாப்மன் என்னும் பொறியியல் மாணவர், தம் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், பழைய ஆஸ்டின் செவன் காரொன்றைத் தம் கையால் மாற்றியமைத்தார். அதுவே லோட்டஸ் என்னும் புகழ்பெற்ற பெயரின் தொடக்கம். அந்த லோட்டஸ் நிறுவனத்தை 1996-இல் ஷா ஆலாமின் புரோட்டோன் விலைக்கு வாங்கி, 2017 வரை தன் வசம் வைத்திருந்தது. வீட்டுக் கொட்டகையில் தொடங்கிய ஒரு மாணவனின் முயற்சி, அரை நூற்றாண்டுக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கை வந்தடைந்தது. ஆகையால், முன்றிலில் ஒரு காரைப் பிரித்துவைத்திருக்கும் இளைஞனை வீணன் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது.

இருவகைக் குற்றச்சாட்டு

அவன்மேல் சாற்றப்படும் குற்றம் இருவகைப்படும். ஒன்று, பொருளை வீணாக்குகிறான் என்பது. மற்றொன்று, உயிரைப் பணயம் வைக்கிறான் என்பது.

பொருளைப் பற்றிய குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கதன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, தோட்டத்து வீடுகளிலிருந்து நகரத்துக்கு வந்தவை. பெற்றோர் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்துக் கொடுத்த கல்வியால் வேலை பெற்ற மகன், அந்த ஊதியத்தை டயர்களாகத் தேய்ப்பதைக் காணும்போது அவர்கள் நெஞ்சம் நோவது இயல்பே. பந்தயத் தளத்தில் ஒரே நாளில் தேயும் டயர், சாலையில் பல மாதங்களுக்கு உழைக்கக்கூடியது.

ஆயினும், இன்பத்தின்பொருட்டுச் செலவிடுவது அனைத்தும் குற்றம் என்றால், இசைக்கும் விழாவுக்கும் இடமே இல்லாமற் போகும். பலர் காணவேண்டும் என்பதற்காகவே கடன்பட்டுத் திருமணம் நடத்துவோர், யாரும் காணாத முன்றிலில் கற்றுக்கொண்டே செலவிடுபவனைப் பழிப்பது பொருந்தாது. அளவுகோல் வேறு. அவன் செலவிடுவது கடமைகளுக்குப் பிறகு எஞ்சிய பொருளா, கடமைகளிலிருந்து பறித்த பொருளா என்பதே கேட்கத்தக்கது. தந்தையின் மருத்துவச் செலவையும் தம்பியின் கல்வியையும் காத்த பின் எஞ்சியது அவனுடையது. கடன் வாங்கி இயந்திரம் வாங்குபவன், தன்னுடையதல்லாத பொருளைக்கொண்டு விளையாடுகிறான். இவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது.

உயிரைப் பற்றிய குற்றச்சாட்டோ இன்னும் ஆழமானது.

இசைவும் இசைவின்மையும்

மலேசியச் சாலைகளில் 2016-ஆம் ஆண்டில் மட்டும் 7,152 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அங்ஙனம் இறப்போருள் பெரும்பாலார் மோட்டார் சைக்கிளில் செல்வோர். வேலைக்குச் செல்லும் தந்தையரும், வேலை முடிந்து திரும்பும் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். நெடுஞ்சாலையில் தன் காரின் வலிமையைச் சோதித்துப் பார்ப்பவன், இவர்களில் யாரிடமும் இசைவு கேட்பதில்லை. அவன் ஆடும் ஆட்டத்தில் அவர்கள் அறியாமலே பணயப் பொருளாக்கப்படுகின்றனர். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமாக்கியிருப்பதன் அறஅடிப்படை இதுவே.

பந்தயத் தளத்தின் நிலை வேறு. அங்கே எல்லாக் கார்களும் ஒரே திசையில் செல்கின்றன. எதிரே வரும் வண்டி இல்லை. சாலையைக் கடக்கும் குழந்தை இல்லை. வளைவில் தவறுபவனைத் தாங்கிக்கொள்ள வெளியும் சரளைப்பரப்பும் உண்டு. கொடி காட்டி எச்சரிப்போர் உளர். உள்ளே நுழையும் ஒவ்வொருவனும் ஆபத்தை அறிந்து கையெழுத்திட்டே நுழைகிறான். பண்டைத் தமிழரின் ஏறுதழுவுதலும் இத்தகையதே. முல்லைக்கலி காட்டும் அவ்வீர விளையாட்டு தொழுவில் நிகழ்ந்தது, கடைத்தெருவில் நிகழவில்லை. ஆபத்தை விரும்பிய இளைஞர்க்கு அன்றைய சமுதாயம் தடை விதிக்கவில்லை. வேலி அமைத்துக் கொடுத்தது. காளையோடு மோத உடன்பட்டவன் வேலிக்கு உள்ளே நின்றான். உடன்படாதவர் வெளியே நின்றனர்.

எனினும், இசைவு என்னும் வாதத்தை அளவுக்கு மீறி நீட்டுதல் கூடாது. தளமும் உயிர் கொள்ளும். 2011 அக்டோபர் 23-ஆம் நாள், மோட்டார் சைக்கிள் உலகப் போட்டியில், மார்க்கோ சிமோன்செல்லி என்னும் 24 வயது இத்தாலிய வீரர் சிப்பாங் தளத்திலேயே உயிரிழந்தார். உலகத் தரமான பயிற்சியும் பாதுகாப்பும் பெற்றவர்க்கே அந்நிலை நேர்ந்தது. மேலும், தாளில் கையெழுத்திடுபவன் மகன் ஒருவனே; அவன் தாய் கையெழுத்திடுவதில்லை. ஒருவன் உயிர் அவனுக்கு மட்டும் உரியதன்று என்பதை அறியாத சமுதாயமன்று தமிழ்ச் சமுதாயம். அவன் மறைந்தால் வெறுமையாவது அவன் அறை மட்டுமன்று.

அங்ஙனமாயின், அவன் அம்முயற்சியையே கைவிட வேண்டுமா? ஆபத்து முற்றும் நீங்கிய வாழ்க்கை எவர்க்கும் வாய்ப்பதில்லை. கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்த முன்னோர் ஆபத்தை அஞ்சியிருந்தால், இங்குத் தமிழ்க்குடியே இருந்திராது. ஆபத்தை ஏற்பது பிழையன்று. குறைக்கக்கூடிய ஆபத்தைக் குறைக்காமல் ஏற்பதே பிழை. தாயின் இசைவைப் பெற இயலாதவன், அவ்விசைவுக்கு ஈடாகத் தரக்கூடியது ஒன்றே உண்டு. அது, தன்னால் ஆகக்கூடிய காப்புகள் அனைத்தையும் செய்து முடித்த பிறகே இருக்கையில் அமர்வது.

அச்சும் பீலியும்

இங்கேதான் காரை மாற்றியமைக்கும் முறை ஓர் அறச்சோதனையாகிறது. இளைஞரின் மனம் முதலில் நாடுவது இயந்திரத்தின் வலிமையை. 1994-இல் அறிமுகமான பெரோடுவா கன்சில் காரின் 660 சி.சி. இயந்திரத்தை எடுத்துவிட்டு, ஜப்பானிய டர்போ இயந்திரத்தைப் பொருத்தும் வழக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கில் நன்கு அறியப்பட்டது. இயந்திரத்தை மாற்றிய பின் சிலர் பிரேக்கைப் பற்றி எண்ணுவதே இல்லை. இயந்திரத்தின் உறுமலை எல்லாரும் கேட்பர். பிரேக்கின் உறுதியை யார் கேட்பர்?

இயற்கையின் கணக்கோ ஈவிரக்கமற்றது. வேகம் இருமடங்கானால், வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றியே பிரேக் வண்டியை நிறுத்துகிறது. பந்தயத் தளத்தில் வளைவுக்கு வளைவு மீண்டும் மீண்டும் பிரேக்கை அழுத்தும்போது, அவ்வெப்பம் பிரேக் எண்ணெயை எட்டுகிறது. டாட் 4 வகை எண்ணெய் புதியதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை கொண்டிருத்தல் வேண்டும். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு 155 டிகிரியே. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் மலேசியாவில் இதன் பொருள் தெளிவு. எண்ணெய் கொதித்தால் குமிழி தோன்றும், குமிழி தோன்றினால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. சில வெள்ளி விலையுள்ள எண்ணெயை மாற்ற மறந்தவன், பல்லாயிரம் வெள்ளி இயந்திரத்தோடு தடுப்புச்சுவரை நோக்கிச் செல்கிறான்.

மயிலின் தோகையே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தினார். ஆற்றலைக் கூட்டுபவன், அதனைத் தாங்கும் உறுப்பையும் கூட்ட வேண்டும். ஓடும் வலிமைக்கு முன் நிற்கும் வலிமையைத் தேடுபவனே வலியறிந்தவன். பிரேக்கையும் டயரையும் முதலில் செம்மை செய்து, இருக்கும் இயந்திரத்தோடே பல நாள் பயின்று, தன் திறமையின் எல்லையை உணர்ந்த பின்பே வலிமையைக் கூட்டும் இளைஞன், அறநூல் படியாமலே அடக்கத்தைப் படித்தவனாகிறான். வரிசையை மாற்றுபவனோ தன் ஆசையையே அறிகிறான், தன்னை அறிவதில்லை.

இரு நிலங்கள்

தளத்திற்கென்று செம்மை செய்யப்பட்ட கார், சாலைக்கும் செம்மையானது என்று எண்ணுவது பெரும்பிழை. பந்தயத்திற்குரிய பிரேக் பேட், சூடேறிய பிறகே நன்கு பிடிக்கும். குளிர்ந்த நிலையில், காலை வேளையில் குடியிருப்புச் சந்தியில், சாதாரணப் பேட்டைவிடக் குறைவாகவே பிடிக்கும். தளத்திற்குரிய டயரில் பள்ளங்கள் குறைவு. வெயிலில் தரையை இறுகப் பற்றும் அது, மாலை மழையில் தேங்கிய நீரின்மேல் மிதந்து வழுக்கும். கார் கவிழ்ந்தால் உயிர் காக்கும் உட்கூட்டின் எஃகுக் குழாய், தலைக்கவசம் அணிந்தவனுக்கே காப்பு. தலைக்கவசமின்றிச் சாலையில் செல்பவனுக்கு, சிறு மோதலிலும் மண்டையைத் தாக்கும் கட்டை அதுவே. ஒரே பொருள் ஓரிடத்தில் காவலனாகவும் மற்றோரிடத்தில் பகைவனாகவும் நிற்கிறது.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதியதன்று. ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்குரிய ஒழுக்கம் உண்டு என்பது திணைக் கோட்பாட்டின் சாரம். திணை மயங்குவதற்கு இடம் தந்த தொல்காப்பியரும், ஒரு நிலம் மற்றொரு நிலத்தோடு மயங்குதல் இல்லை என்றே கூறினார். விரைவின்மேல் கொண்ட விருப்பத்தை ஒருவன் நெஞ்சில் சுமந்து எங்கும் செல்லலாம், அதில் தடையில்லை. ஆனால் தளத்தின் நிலத்தைச் சாலையில் விரிக்க இயலாது. தளத்தில் திறமை எனப்படுவது சாலையில் கொடுமையாகிறது. சாலையில் பொறுமை எனப்படுவதே தளத்தில், பின்னால் விரைந்து வருவோனுக்கு இடையூறாகவும் ஆகலாம்.

இவ்விரு நிலங்களுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அதுவே உண்மையான தேர்வுக்களம். சிப்பாங்கில் பகல் முழுவதும் 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவன், மாலையில் அதே காரில் பெட்டாலிங் ஜெயாவுக்குத் திரும்ப வேண்டும். நெடுஞ்சாலையின் எல்லை 110 கிலோமீட்டர். உயர்ந்த வேகத்திற்குப் பழகிய கண்ணுக்கு அந்த வேகம் ஊர்வதுபோல் தோன்றும். இது மனித உணர்வின் இயற்கை. உடல் களைத்திருக்கும், உள்ளம் கிளர்ந்திருக்கும், பிரேக்கும் டயரும் தேய்ந்திருக்கும். அவ்வேளையில் பக்கத்துத் தடத்தில் ஒரு கார் முந்திச் சென்றால், அவன் என்ன செய்கிறான்? தளத்தில் அவன் பெற்ற சிறந்த நேரத்தைவிட, அந்த ஒரு கணத்தில் அவன் காட்டும் அமைதியே அவன் தகுதியை அளக்கிறது. ஊர்தி ஏற்றிச் செல்லும் லாரியில் காரை ஏற்றிவிட்டு, தான் மற்றொரு வண்டியில் திரும்புவோரும் உளர். அதற்குப் பொருள் வேண்டும். பொருளில்லாதவனுக்கு மனவடக்கம் வேண்டும்.

குறைக்கத் தகாதவை

காரை விரைவாக்க இரு வழிகள் உண்டு. ஒன்று வலிமையைக் கூட்டுவது. மற்றொன்று எடையைக் குறைப்பது. லோட்டஸ் கண்ட சாப்மன் இரண்டாம் வழியில் பெரும்புகழ் பெற்றவர். ஆனால் அவ்வழியிலும் ஒரு வினா உண்டு: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது? அவர் காரை ஓட்டிய யோகென் ரின்ட், உறுப்புகள் இன்னும் வலிவுடையனவாக இருத்தல் வேண்டும் என்று 1969-இல் அவருக்குக் கடிதமே எழுதினார். 1970 செப்டம்பர் 5-ஆம் நாள் இத்தாலியின் மொன்சா தளத்தில் ரின்ட் உயிரிழந்தார். பிரேக்கோடு இணைந்த தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. அவ்வாண்டின் உலக வீரர் பட்டம் அவர் மறைந்த பிறகு அவர்க்கு உரியதாயிற்று.

அங்கே குறைத்தவர் ஒருவர், அமர்ந்தவர் மற்றொருவர். தன் வீட்டில் தன் காரை மாற்றியமைப்பவனோ, குறைப்பவனும் அமர்பவனும் தானேயாவான். இது அவன் செயலுக்கு ஒரு தூய்மையைத் தருகிறது. தன் பிழையின் பயனைத் தானே நுகர்வான். ஆனால் இத்தூய்மை நெடுநாள் நிற்பதில்லை. பக்கத்து இருக்கையில் நண்பனை அமர்த்தும் நாளில் அது குறைகிறது. காற்றுப்பை கழற்றப்பட்டிருப்பதும், பின்னிருக்கையின் வார்கள் நீக்கப்பட்டிருப்பதும் அந்நண்பனுக்குச் சொல்லப்பட்டனவா? காரை விற்கும் நாளில் அது முற்றும் மறைகிறது. வாங்குபவன் தன் குழந்தைகளை அதில் பள்ளிக்கு அழைத்துச் செல்லக்கூடும். எதை வெட்டினோம், எதை ஒட்டினோம், எத்தனை முறை எல்லைவரை ஓட்டினோம் என்பவற்றை மறைத்து விற்பவன், எடையை மட்டுமா குறைத்தான்? வாய்மையையும் குறைத்துவிட்டான். இயந்திர மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறைப்படி பதிவு செய்யாமல் ஓட்டுவதும் இவ்வகையைச் சார்ந்ததே. சட்டத்திற்கு அஞ்சுவது ஒருபுறம் இருக்க, அடுத்து வருபவன் அறியவேண்டியதை அறியாமற் செய்வது அதிலுள்ள அறக்குறை.

இரு மணிகள்

வீட்டில் செய்யும் செயல் என்பதால் வீட்டார்க்கும் அயலார்க்கும் அதில் பங்கு உண்டு. வரிசை வீடுகளில் ஒரு சுவரே இரு குடும்பங்களுக்கும் பொது. நள்ளிரவில் இயந்திரத்தை முடுக்கிச் சோதிப்பவன், சுவருக்கு அப்பால் இரவு வேலை முடித்து உறங்குபவரையும் கைக்குழந்தையையும் எழுப்புகிறான். கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுபவன், அது பெஞ்சாலா ஆற்றையும் அதன் வழியே கிள்ளான் ஆற்றையும் சென்றடையும் என்பதை மறக்கிறான். தன் கார் தூய்மையாக இருக்கிறது. ஊரின் ஆறு அழுக்கேறுகிறது. இதனை அறம் என்று எவரும் கூறார்.

தமிழ் இலக்கியம் தேரோடு இணைத்து இரு மணிகளைக் காட்டுகிறது. ஒன்று திருவாரூர் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசு அதனை அசைத்தது; மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இளவரசன் வேண்டுமென்று செய்தவன் அல்லன்; கன்றே துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. எனினும், வீதி எல்லா உயிர்க்கும் பொது என்பதால், சக்கரத்தைச் செலுத்தியவன் விடையளிக்க வேண்டியவனானான். மற்றொன்று, அகநானூற்றின் நான்காம் பாட்டில் வரும் தேர்மணி. காதலியைக் காண விரைந்து வரும் தலைவன், மலரில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் வெருவுமே என்று எண்ணி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனும் தன் தேரை மாற்றியமைத்தவனே. அவன் விரைவைக் குறைத்ததாகப் பாட்டுக் கூறவில்லை. தன் விரைவால் பிறிதோர் உயிர்க்கு நேரும் துன்பத்தையே குறைத்தான்.

முதல் மணி தீங்கு நேர்ந்த பின் ஒலித்தது. இரண்டாம் மணி தீங்கு நேராதிருக்க அடங்கியது. சட்டமும் நீதிமன்றமும் முதல் மணியைப் போன்றவை, அவை வேண்டும். ஆயினும், அவை ஒலிக்கும்போது யாரோ ஒருவர் கன்றை இழந்திருப்பார். அறக்கல்வி வளர்க்க வேண்டியது இரண்டாம் மணியைக் கட்டிய கையை.

ஆகவே, காரைத் தன் கையால் செம்மை செய்து தளத்தில் ஓட்டும் இளைஞனைக் குற்றவாளி என்பதும் வீரன் என்பதும் ஒருங்கே மிகை. அவன் செயல் நன்றாவதும் தீதாவதும், ஓடும் வலிமைக்கு முன் நிற்கும் வலிமையைத் தேடினானா, உடன்படாத எவரையும் தன் ஆட்டத்திற்குள் இழுக்காதிருந்தானா, குறைத்தவற்றை மறையாது சொன்னானா என்பவற்றைப் பொறுத்தன. இம்மூன்றும் காரை ஓட்டுபவர்க்கு மட்டும் உரியனவும் அல்ல. பதவியும் செல்வமும் சொல்வன்மையும் கைவரப்பெற்ற எவர்க்கும் உரியன. மாணவனின் விரைவு விருப்பத்தைக் கண்டு ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. அதனை அடக்கி ஒடுக்கினால், அது வீட்டை விட்டு வெளியேறி நள்ளிரவு நெடுஞ்சாலையைத் தேடிக்கொள்ளும். அதற்கு உரிய நிலத்தைக் காட்டி, அந்நிலத்தின் ஒழுக்கத்தையும் கற்பித்தால், வேலிக்குள் நின்று காளையை எதிர்கொள்ளும் இளைஞனாக அவன் வளர்வான். வேலிக்கு வெளியே நிற்போர் அச்சமின்றித் தம் வழியே செல்வர்.